பதினேழாவது பட்டை

ஓய்வூதியம் வாங்குகிறவன் உயிரோடுதான் இருக்கிறானா என்று அரசாங்கம் வருடத்துக்கு ஒருமுறை கேட்கும். முன்பெல்லாம் அலுவலகத்துக்கு நேரில் போய் நின்று காட்ட வேண்டும். இப்போது கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை இமைத்தால் போதும், உயிர் இருப்பதாக ஒப்புக்கொள்கிறார்கள். இந்த முறை அதை முடித்த கையோடு அதே கைபேசியில் என்னை நானே ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். என் இடது கன்னத்தில் ஏழு கரும்புள்ளிகள் உண்டு. தினமும் சவரம் செய்யும்போது எண்ணுகிறேன், ஏழுதான். படத்தில் மூன்று இருந்தன. மீதி நான்கை யாரும் கேட்காமலே கைபேசி துடைத்துவிட்டிருந்தது.

"நல்லாத்தானே இருக்கு, விடுங்களேன்" என்றாள் மனைவி.

விட முடிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன். பஸ்ஸில் ஏறினால் ஆட்களை எண்ணுவேன். பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக வராவிட்டால் அன்றைய சாப்பாடு செரிக்காது. அந்த நான்கு புள்ளிகள் எங்கே போயின என்று யோசித்துக்கொண்டே மதியம் படுத்தவனுக்கு, பல வருடங்களுக்கு முன் காணாமல்போன இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது. அது ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் ஒளிர்ந்த பட்டை.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. எங்கள் துறையில் ஒரு மேடம் இருந்தார். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பழனி வந்து, பழனியில் திண்டுக்கல் பஸ் பிடித்து, தினமும் வந்து போவார். பேச்சில் கொங்குநாட்டு 'ங்க' விழாமல் ஒரு வாக்கியம் முடியாது. அந்தப் பஸ் பயணத்திலேயே படித்துப் படித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். வேலை பார்த்துக்கொண்டே செய்கிற ஆய்வு என்பதால் இழுத்துக்கொண்டே போயிற்று. இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. குறித்த தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும். அத்தனை வருட உழைப்பும் பழைய பேப்பர் கடைக்குத்தான். ஆய்வேட்டில் கடைசி இயல் மட்டும் பாக்கி. அதற்கு வேண்டிய அளவீடுகள் மட்டும் இன்னும் எடுக்கப்படவில்லை.

டிஜிட்டல் படத்தைக் கணினியில் ஆராய்ந்து பிளாஸ்மாவின் தன்மைகளை அளப்பது, இதுதான் அவருடைய பொருள். பிளாஸ்மா என்றதும் மிரள வேண்டாம். குழல் விளக்குக்குள் ஒளிர்வது பிளாஸ்மாதான். வெல்டிங் பட்டறையைக் கடக்கும்போது கண்ணைக் கூச வைப்பதும், மழைக்கு முன் வானத்தில் வெட்டுவதும் அதுவே. வாயுவில் மின்சாரம் பாய்ந்து, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு ஓடுகிற நிலை. அந்த எலக்ட்ரான்கள் எவ்வளவு சூடாக இருக்கின்றன என்பதை அளக்க வழக்கமாக மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விடுவார்கள். கம்பி நுழைந்ததும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்மா மாறிவிடும். தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி, தூங்குகிறாயா என்று கேட்கிற மாதிரி. மேடத்தின் முறையில் எதையும் உள்ளே விடுவதில்லை. வெளியே நின்று படம் எடுப்பது, படத்தில் எந்த இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு சிவப்பு, எவ்வளவு நீலம் என்று கணினியைக் கொண்டு எண்ணுவது, அவ்வளவுதான். எண்ணுவது என்ற சொல்லைக் கேட்டதும் நானும் அதில் சேர்ந்துகொண்டேன்.

எங்கள் ஆய்வகத்தின் கடைசி அறை இருட்டறை. ஜன்னல்களில் கறுப்புத்தாள் ஒட்டியிருக்கும். அதில் ஊசித்துளை அளவு ஒன்பது ஓட்டைகள் இருந்தன, ஒன்பதையும் நானே அடைத்தேன். அங்கே ஒரு மேசைமேல் அரை மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய். இரண்டு முனையிலும் உலோகத் தகடு. எங்கள் காற்றிறைக்கும் பம்பு பழுதாகிக் கிடந்ததால் வேறொரு கல்லூரியிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தோம். மாவு மில் மாதிரி அது கடகடவென்று இரைந்துகொண்டிருக்க, குழாய்க்குள் காற்று குறையக் குறைய, முதலில் ஊதா நூல் ஒன்று நெளியும். பிறகு அந்த நூல் விரிந்து குழாய் முழுதும் நிறையும். மோரில் நாவற்பழச் சாறு கலந்தால் ஒரு நிறம் வருமே, அது. இன்னும் கொஞ்சம் காற்று குறைந்தால் அந்த ஒளி துண்டு துண்டாகப் பிரிந்து, ஒளி, இருள், ஒளி, இருள் என்று வளையல் அடுக்கிய மாதிரி நிற்கும். ஆடாது அசையாது. இயற்கையே எண்ணுவதற்கென்று அடுக்கி வைத்த பட்டைகள். அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் எனக்கு வேறு கவலை ஒன்றும் தோன்றாது. இன்றும் கண்ணை மூடினால் அந்த நிறம் வருகிறது.

குழாயைத் தொட்டால் காப்பி டம்ளர் அளவுக்குத்தான் சுடும். உள்ளே ஓடுகிற எலக்ட்ரான்களோ பத்தாயிரக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும். எண்ணிக்கையில் கொஞ்சம் என்பதால் கண்ணாடிக்கு அது உறைப்பதில்லை. காற்று குறைந்தால் எலக்ட்ரான்களின் சூடு ஏறும், ஒளியில் சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதம் மாறும். அந்த விகிதத்தைப் படத்திலிருந்து எடுத்தால் சூடு தெரிந்துவிடும். ஒரு சிக்கல் உண்டு. உருண்டையான குழாயைப் பக்கவாட்டில் பார்க்கும்போது முன்னால் உள்ள ஒளி, நடுவில் உள்ள ஒளி, பின்னால் உள்ள ஒளி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் தெரியும். அதைப் பிரிக்கிற கணக்கை மேடம் எனக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் விளக்கினார். டப்பாவில் இருந்த சின்ன வெங்காயத்தை எடுத்து மேல்தோலை உரித்தார்.

"வெளித்தோலோட வெளிச்சம் மட்டும் ஓரத்துல தெரியுமுங்க சார். அதைக் கழிச்சுப்போட்டா அடுத்த தோலு. அதையும் கழிச்சா அதுக்கு அடுத்தது. இப்படியே நடு வரைக்கும் போயிரலாமுங்க."

"இதுல மொத்தம் அஞ்சு தோலு" என்றேன் நான்.

"நீங்க எண்ணுவீங்கன்னு தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டார்.

குழாய் இருந்தது, கணக்கு இருந்தது, நல்ல கேமரா இல்லை. கல்லூரியில் இருந்தது ஆண்டு விழாவுக்கு எடுக்கிற சின்னக் கேமரா. அப்போதுதான் பேகம்பூரில் ஸ்டுடியோ வைத்திருந்த பாயை நான் சொன்னேன். என் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர். அந்த வட்டாரத்தில் பெரிய லென்ஸ் போட்ட டிஜிட்டல் கேமரா முதலில் வாங்கியவர்களில் ஒருவர். விஷயத்தைச் சொன்னதும் முக்காலி, பை, கறுப்பு வெல்வெட் துணி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இருட்டறையில் சுற்றுமுற்றும் பார்த்து, "பொண்ணு யாரு சார்?" என்றார்.

குழாயைக் காட்டினேன்.

"இதுவா. பரவால்லையே, பிறவியிலேயே நல்ல கலரு. மேக்கப் மிச்சம்."

குழாய்க்குள் காற்றின் அழுத்தத்தை ஏழு நிலைகளில் வைத்து ஏழு படங்கள் எடுப்பது என்று திட்டம். அதிக மின்னழுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் சட்டம். இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியே போகும். அதை அவருக்கு நாலு தடவை சொன்னேன். ஒவ்வொரு நிலையிலும் பட்டைகளை நான் வாய்விட்டு எண்ணினேன். முதல் நிலையில் பதினேழு. பதினேழாவது, எதிர்முனைக்குப் பக்கத்தில், மிக மங்கலாக, தயங்கித் தயங்கி நின்றது.

"சாரு எதையும் எண்ணாம விடமாட்டாருங்க" என்றார் மேடம்.

"எனக்குத் தெரியாதா மேடம்? கல்யாண ஆல்பத்துல எம்புட்டுப் பேரு கண்ணை மூடியிருக்காங்கன்னு கணக்குச் சொன்ன மனுஷன் இவரு."

"பதினோரு பேர்" என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது பாய் மேடத்திடம், "நாலு நாள் பொறுங்க. நல்லபடியாப் பண்ணி சிடியில போட்டுத் தாறேன்" என்றார். யாரும் அப்படிச் சொல்வதுதான். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் சிடி வந்தது. படங்கள் அவ்வளவு அழகாக இருந்தன. மேடம் இரண்டு நாள் கணினி முன்னால் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மாலை துறையில் யாரும் இல்லாத நேரத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏழு படத்துலயும் ஒரே சூடு வருதுங்க சார்."

"ஒரே சூடா?"

"ஒரே சூடுதானுங்க. அழுத்தத்தை எவ்வளவு மாத்துனாலும் விகிதம் மாற மாட்டேங்குது. தோலு தோலா உரிச்சுப் பாத்துட்டனுங்க. கணக்கை நாலு வாட்டி போட்டுட்டனுங்க."

மதுரையில் இருந்த அவருடைய வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனில் சொல்லியிருக்கிறார். எப்போதும் ஒரே எண்ணைக் காட்டுகிற தராசு எதையும் நிறுக்கவில்லை என்றுதான் அர்த்தம், உங்கள் முறையே தப்பாக இருக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த எண்களைப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"வுட்டுர்றனுங்க சார்" என்றார் மேடம். அழவில்லை. பஸ் டிக்கெட்டை மடிப்பது போல ஒரு காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தார். "எத்தன வருசமுங்க. வூட்டுல எல்லாருக்கும் சோத்தைப் போட்டுட்டு, பஸ்ஸுல நின்னுக்கிட்டே படிச்சது. போவுதுங்க."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அவர் அச்சிட்டு வைத்திருந்த முதல் படத்தை எடுத்து, பென்சில் முனையால் பட்டைகளை எண்ண ஆரம்பித்தேன். பதினாறு. மறுபடி வலமிருந்து இடமாக எண்ணினேன். பதினாறு.

"மேடம், ஒரு பட்டை குறையுது."

"அது இப்ப முக்கியமுங்களா சார்?"

"பதினேழு இருந்தது. நான் எண்ணினேன்."

அவர் என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். அப்போதே இரண்டு கண்ணிலும் எனக்குப் புரை ஆரம்பம். கேமரா பொய் சொல்லுமா, கிழவன் கண் பொய் சொல்லுமா என்று கேட்டால் யாரும் என் பக்கம் நிற்க மாட்டார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எண்ணுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே காரியம். அதுவும் போய்விட்டதா என்று மூன்றாவது தடவையும் எண்ணினேன், பதினாறுதான்.

பேசிக்கொண்டிருந்ததில் அவருடைய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீடு பக்கம்தான், வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அழைத்துப் போனேன். மனைவிக்கு மேடத்தின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு, "ஏங்க, அந்தப் புள்ளைய என்ன சொன்னீங்க?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, பதினாறு என்றுதான் சொன்னேன் என்றேன். "அதான பாத்தேன்" என்றாள்.

தோசை வேகும் நேரத்துக்கு, வீட்டுக்கு வந்தவர்களுக்கு எல்லோரும் செய்கிற உபசாரத்தை அவளும் செய்தாள். மகள் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து மேடத்தின் மடியில் வைத்தாள். பார்க்க மனமில்லாவிட்டாலும் பக்கத்தைப் புரட்டித்தானே ஆக வேண்டும்.

"இது என் தம்பி. வேடசந்தூர்ல மில்லுல இருக்கான்" என்று மனைவி விரலை வைத்தாள். "நேர்ல பாத்தா கன்னங்கரேல்னு இருப்பான், நல்லா உழைச்ச உடம்பு. இதுல பாருங்க. ஸ்டுடியோ பாய் மாப்பிள்ளையவிடச் செவப்பா ஆக்கிப்புட்டாரு. அவனே பாத்துட்டு, இது யாருக்கா, எஞ்சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறான்னு கேட்டான்."

மேடம் சிரிக்கவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்கடுத்த பக்கம். வெயிலில் எடுத்த படம், மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த படம், விடியற்காலை முகூர்த்தத்தில் எடுத்த படம். எல்லாவற்றிலும் எல்லோரும் ஒரே நிறம்.

"ஏனுங்க சார்" என்றார் மெதுவாக. "பாய் எல்லாப் படத்தையும் இப்படித்தான் பண்ணுவாருங்களா?"

தோசை தட்டிலேயே இருந்தது. மனைவி இன்றைக்கும் அந்தத் தோசையைச் சொல்லிக் காட்டுவாள்.

மறுநாள் காலை இருவரும் பேகம்பூருக்குப் போனோம். ஸ்டுடியோவில் பாய் ஒரு மணப்பெண்ணின் கன்னத்தைக் கணினியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பருக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம், வாங்க சார். படம் எப்படி? நானே உக்காந்து பண்ணேன். ஆளுகிட்ட விடல."

"என்னங்க பண்ணுனீங்க?" என்றார் மேடம்.

பாய் உற்சாகமாகச் சொன்னார். ஏழு படமும் ஏழு விதமாக இருந்ததாம். ஒன்று சிவப்படிக்கிறது, ஒன்று நீலமடிக்கிறது. ஆல்பம் என்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே கலராக இருக்க வேண்டாமா? முதல் படத்தை வைத்து மற்ற ஆறையும் அதே நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். "அப்புறம் ஒரு ஓரத்துல அழுக்கு மாதிரி மங்கலா ஒண்ணு கிடந்துச்சு. அதையும் எடுத்துட்டேன்."

"அதுதான் பதினேழாவது பட்டை" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. கண் போகவில்லை என்ற சந்தோஷம்.

"அழுக்குக்கு நம்பர் வேறயா சார்" என்றவர், மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மேடம் விளக்கினார். அந்தச் சிவப்பு நீல வித்தியாசம்தான் ஆய்வு முழுதும், அதைத்தான் அளக்க வேண்டியிருந்தது என்று. பாய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"அல்லா. மேடம், உள்ளதை உள்ளபடி குடுத்தா எங்க தொழில்ல அது மரியாதை இல்ல. டச்சப் பண்ணாம ஒரு படம் வெளிய போனா எங்க அத்தா அடிக்க வருவாரு. உங்க படமாச்சேன்னு ரெண்டு மடங்கு பண்ணேன்."

"பழைய படம் இருக்குங்களா? முதல்ல எடுத்தது?"

இல்லை. கணினியில் இருந்ததன் மேலேயே திருத்திச் சேமித்துவிட்டார், கேமரா அட்டையையும் அன்றைக்கே வேறொரு கல்யாணத்துக்காகத் துடைத்திருந்தார்.

திரும்ப எடுக்க வேண்டும். இரவல் பம்பைச் சனிக்கிழமைக்குள் திருப்பித் தருவதாக நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். நாங்கள் ஸ்டுடியோவில் நின்றது வியாழக்கிழமை. அன்றும் மறுநாளும் பாய்க்குப் பழனியில் கல்யாணம். மீதி சனிக்கிழமைதான். அன்றைக்குப் பராமரிப்பு வேலை, காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போனால் மாலைதான் வரும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பம்பு குழாயைக் காலி செய்யவே ஒரு மணி நேரம் வேண்டும்.

மேடம் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டார். சனிக்கிழமை விடிந்ததும் ஆய்வகத்தைத் திறந்து பம்பை ஓடவிட்டோம். பாய் பழனியிலிருந்து தூங்காமல் நேராக வந்தார். ஒரு கையில் முக்காலி, மறு கையில் பிளாஸ்க்கு நிறைய டீ. வந்ததும், நான் சொல்லாமலே ஒரு கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"சார், ஒண்ணு சொல்லவா. அன்னைக்குக் கேமராவை ஆட்டோ மோடுல வச்சு எடுத்தேன். நான் டச்சப் பண்ணலைன்னாலும் கேமரா பாதியப் பண்ணியிருக்கும். இருட்டா இருந்தா அதுவாக் கூட்டிக்கும், வெளிச்சமா இருந்தா குறைச்சுக்கும். இன்னைக்கு எல்லாத்தையும் மேனுவல்ல போட்டுக் கட்டிப்போட்டுருவோம். ஏழு படத்துக்கும் ஒரே அளவு."

மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இதை முன்னாடியே கேக்காம வுட்டுட்டனுங்களே" என்றார்.

குழாய் ஒளிர ஆரம்பித்தது. நான் எண்ணினேன். பதினேழு. இந்த முறை மேடமும் கூடவே வாய்க்குள் எண்ணினார். பாய் கேமராவின் சின்னத் திரையில் படத்தைக் காட்டினார். முதலில் எடுத்துக்கொடுத்த படத்தோடு ஒப்பிட்டால் பரிதாபமாக இருந்தது. இடப்பக்கம் கொஞ்சம் மங்கல். பட்டைகள் நேராக இல்லை, லேசாகச் சாய்ந்திருந்தன. குழாயில் ஒரு கீறல் தெரிந்தது.

"இப்படியே இருக்கட்டுமா மேடம்?" என்று கேட்டார், பசியோடு இருக்கிறவன் சாப்பிடக் கூடாதா என்று கேட்கிற மாதிரி.

"இப்படியே இருக்கட்டுமுங்க பாய்."

ஒவ்வொரு நிலைக்கும் அழுத்தம் நிலைபெறும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் டீ. பாய் பழனிக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமா எல்லாப் படத்திலும் நடுவில் வந்து நின்றதைச் சொன்னார். இருட்டில் அந்த ஊதா வெளிச்சம் மூன்று பேர் முகத்திலும் விழுந்திருந்தது. நான் கடிகாரத்தையும் அழுத்தமானியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு நிலைகள் முடிந்தன. ஏழாவதற்கு பாய் பொத்தானை அழுத்துகிற சமயத்தில் பம்பு ஒருமுறை முனகிவிட்டு நின்றது. குழாய் அணைந்தது. ஒன்பது மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. மின்வாரியத்தின்மேல் அந்த ஆறு நிமிடக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இருட்டிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "ஆறு புள்ளி போதுமுங்க சார். கோடு போடறதுக்கு ஆறு போதும்."

பாய் அந்த அட்டையை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோகவே இல்லை. அங்கேயே கழற்றி மேடத்தின் கையில் கொடுத்தார். "எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது" என்றார். நான் பம்பைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, வாக்குக் கொடுத்தபடி திருப்பிக் கொடுக்கப் போனேன்.

திங்கட்கிழமை மாலை மேடம் என்னைக் கணினி அறைக்குக் கூப்பிட்டார். திரையில் ஆறு புள்ளிகள். வழுவழுவென்று இல்லை, வேடசந்தூர் ரோடு மாதிரி மேடு பள்ளம். ஆனால் அழுத்தம் குறையக் குறைய சூடு ஏறிக்கொண்டே போயிற்று. புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மேடம் திரையில் விரலை வைத்து, கீழிருந்து மேலே ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டு போனார். ஆறு என்று முடித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு.

ஆய்வேடு குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது. பிறகு வாய்மொழித் தேர்வு. பாயும் வந்து கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, இடப்பக்கம் ஏன் மங்கலாக இருக்கிறது, திருத்தியிருக்கலாமே என்று கேட்டார்.

"அப்படித்தானுங்க ஐயா இருந்துச்சு" என்றார் மேடம். "அங்க தகடு கறுத்துப்போய் இருந்துச்சுங்க. நாங்க எதையும் தொடலீங்க."

தேர்வாளர் தலையாட்டினார். கடைசி வரிசையில் பாய் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அன்றைக்கு அவர் எடுத்துக் கொடுத்த குழுப் படத்தில் தேர்வாளரின் வழுக்கையில் பளபளப்பு இல்லை, என் கன்னத்தில் ஒரு புள்ளியும் இல்லை.

இப்போது மேடம் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் துறைத் தலைவர். போன வருடம் எங்கள் பழைய கல்லூரிக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். அந்த இருட்டறையில் மின்கலங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கறுப்புத்தாளைக் கிழித்து ஜன்னலைத் திறந்துவிட்டார்கள், நல்ல காற்று வருகிறது. குழாய் எங்கே என்று கேட்டேன். எந்தக் குழாய் சார் என்றார்கள். தண்ணீர்க் குழாய் என்று நினைத்திருப்பார்கள். நானும் விளக்கவில்லை.

கைபேசி என் நான்கு புள்ளிகளைத் தின்ற மறுநாள் பேகம்பூருக்குப் போனேன். ஸ்டுடியோ இருக்கிறது, பாதியாகச் சுருங்கிவிட்டது. முன்பக்கம் கைபேசி உறை விற்கிறார்கள். பாய்க்குத் தாடி முழுதும் வெளுத்துவிட்டது.

"பாய், இந்தப் போனுக்கு டச்சப் கத்துக் கொடுத்தது யாரு?"

"அதை ஏன் கேக்கறீங்க சார். எம்பொழப்பு போனதே அதாலதான். நானாவது காசு வாங்கிட்டுப் பொய் சொன்னேன், இது சும்மாவே சொல்லுது." கைபேசியை வாங்கி உள்ளே எங்கேயோ போய் எதையோ அணைத்துவிட்டு, என்னைச் சுவர் ஓரமாக நிறுத்தி ஒரு படம் எடுத்தார். எண்ணினேன். ஏழு. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் நின்ற இடத்துக்கு மேலே, இரண்டு மணப்பெண்களுக்கு நடுவில், சட்டம் போட்டு அந்தப் படம் தொங்குகிறது. அவர் திருத்திய முதல் படம். கல்யாண மண்டப விளக்கா என்று வருகிறவர்கள் கேட்பார்களாம். ஆமாம் என்று சொல்லிவிடுவாராம். நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. அதைக் கைபேசியில் எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். வகுப்பில் இருப்பார், சாயங்காலம் பார்ப்பார் என்று நினைத்தேன். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் குரல் பதிவு வந்துவிட்டது. பாய் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"ஏனுங்க சார், பாய்கிட்டச் சொல்லுங்க. இன்னும் பதினாறுதானுங்க இருக்குது."

பாய் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேணும்னா ஒண்ணு போட்டுரவா சார்? ரெண்டு நிமிஷ வேலை."

"கையைப் பைக்குள்ள வைங்க பாய்" என்றேன்.